சலூனில் ஒரு மொட்டை நாய்

சலூன் தொழிலில் கத்தரிக்கோலைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம் என்பது, நாள் முழுக்கக் கதிரைக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்குத் தெரியும். அதோடு ஒரு நோயாளி நாயையும் வைத்துப் பாருங்கள், கடைக்கு வருகிறவர்களின் வாயும் ஓயாது. சண்டை ஓய்ந்தபின், வன்னியிலிருந்து வந்த நான் இனிக் கற்பிட்டிதான் என்று கடை போட்டிருந்த காலத்தில் நடந்தவை இவை.

கண்ணாடி வாங்கப் போனேன்

சிலாபத்தில் ஒருவர் பழைய சலூன் கண்ணாடி விற்கிறார் என்று கேள்விப்பட்டு, வேன் பிடித்துப் போனேன். அடுத்த வளவில் தெருநாய்களுக்கு ஒரு காப்பகம். அதை நடத்திய சிங்கள அம்மா, மூலையில் சாக்கில் கிடந்த ஒன்றைக் காட்டினா. சொறி பிடித்து, உடம்பில் மருந்துக்கும் மயிர் இல்லை. தோல் வெடித்துக் கிடந்தது. தலையை மட்டும் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தது. விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாடியோடு அதையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். அடுத்த கதிரையில் முடி வெட்டும் என் கூட்டாளி நிசாம் வேன் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ண, முடி வெட்டுற கடைக்கு இதக் கொண்டு வந்தா, நாமதான் இப்பிடி வழிச்சிட்டோம்ண்டு சனம் சொல்லுமே!"

ராசா எழும்பவில்லை

புத்தளத்து மிருக வைத்தியர் ஊசி போட்டு, பூசுவதற்கும் மருந்து தந்தார். "மருந்து தன் வேலையைச் செய்யும். ஆனா இது எழும்பி நடந்து, தானாச் சாப்பிட வேணும். இப்படியே கிடந்தா தப்பாது" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பின்கதவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, ராசா என்று பெயரும் வைத்தேன். பாணைப் பாலில் நனைத்து வைத்தேன். மீன் அவித்து முள் எடுத்து வைத்தேன். அது முகர்ந்தும் பார்க்கவில்லை. பஞ்சில் பால் தோய்த்து வாயில் பிழிந்தேன். "வா ராசா, எழும்பு ராசா, என்ர செல்லமெல்லே" என்று நான் கெஞ்ச, முகத்தில் சவர்க்கார நுரையோடு காத்திருந்த மீனவர் ஒருவர் பொறுமை இழந்தார்: "ராசா, ராசாண்டு கூப்பிட்டா அது எப்பிடித் தம்பி வரும்? எந்த ராசா கூப்பிட்ட உடன எழும்பி வந்திரிக்கான்?"

ஹாஜியார் கேட்ட கேள்வி

எங்கள் ஹாஜியார் வெங்காய வியாபாரி. காது மந்தம். மார்க்கப்படி, நாயின் எச்சில் பட்டால் மண்ணும் தண்ணீருமாக ஏழு தரம் கழுவ வேண்டியவர், ஆகவே வாசலோரக் கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"தாடியைக் கட்டையா வெட்டட்டோ?" என்றேன்.

"என்ன?"

சத்தமாகக் கேட்டேன்.

"என்ன?"

பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பினால், ராசா எழும்பி நிற்கிறது! கால் நான்கும் நடுங்க, ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி வைத்தது. என் கையிலிருந்த கத்தரிக்கோல் விழுந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு. ஹாஜியாரோ, மொட்டையாக ஒன்று தன்னை நோக்கி வருவதைக் கண்ணாடியில் கண்டு, இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு "என்ன இது? என்ன? என்ன?" என்று கத்தினார். அவர் கத்தக் கத்த, அது வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் வேகமாக வந்தது.

நான் பாய்ந்து அதைத் தூக்கிக்கொண்டேன். நிசாம் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டான். "அண்ண, இது சிலாபத்துச் சிங்கள நாய்! சிங்களத்துல 'என்ன'ண்டா 'வாங்க'ண்டு அர்த்தம். ஹாஜியார் அத மரியாதயாக் கூப்பிட்டுட்டே இரிக்கார்!"

மருந்துக்கு வந்த கிராக்கி

கண்ணாடிக்காரரோடு சிங்களத்திலேயே பேரம் பேசியவன் நான். நாய்க்கும் அதே பாஷைதான் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. அன்றே கோப்பையை வைத்து, வா என்பதற்கு "என்ன", தின் என்பதற்கு "கன்ன" என்று சொல்லிப் பார்த்தேன். கோப்பையைக் கழுவத் தேவையில்லாத அளவுக்கு நக்கிவிட்டது. பிறகென்ன, கடை முழுக்க ஓட்டம்தான். மழைக்கு முளைக்கிற புல்லு மாதிரி மண்ணிற மயிரும் வரத் தொடங்கியது.

அதைத் தினமும் கவனித்து வந்தவர், பக்கத்து ஊர் தலவிலயிலிருந்து வருகிற வழுக்கைத் தலை அண்ணர் ஒருவர். ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பூசுற மருந்தில எனக்கும் கொஞ்சம் தடவிவிடு தம்பி, நான் கடிக்கமாட்டன்."

வாசலில் ஒரு குரல்

ஹாஜியார் மட்டும் அதன்பிறகு வரவேயில்லை. நாயைக் காப்பாற்றி நல்ல மனிசனை இழந்துவிட்டேனே என்று மனம் அரித்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம், கடையில் யாரும் கூப்பிடாமலே ராசா காதை நிமிர்த்திக்கொண்டு வெளியே ஓடியது. பதறி நானும் ஓடினேன்.

தெருவின் அந்தப் பக்கத்தில் ஹாஜியார். சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, மாட்டெலும்புப் பார்சலை மணலில் விரித்து வைத்துவிட்டு, எட்ட நின்று "என்ன! என்ன!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரச்சொல்லிச் சைகை காட்டினேன்.

"வாறன், அது திண்டு முடிக்கட்டும்" என்றார். பிறகு அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "காது போன நாள்ல இருந்து நான் 'என்ன'ண்டு கேட்டா எல்லாரும் எரிஞ்சு விழுறாங்க தம்பி. வாலாட்டிக்கிட்டு ஓடி வாறது இது ஒண்டுதான்."

இன்றைக்கும் நான் கடையடைத்து ராசாவோடு வீட்டுக்குப் பிந்திப் போகிற நாட்களில், மனைவி வாசலில் நின்று "என்ன?" என்று அதட்டினால், எனக்கு முன்னால் ராசா போய் நின்றுவிடுவதால் பாதி ஏச்சு அதற்குப் போய்விடுகிறது.