வரையாத கரையில் மாமா

சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பிள்ளைகளில் பெரிய மடையனுக்குப் பரிசு வைத்திருந்தால், எட்டு வயதில் அதை நான்தான் வாங்கியிருப்பேன். வடதுருவத்துக்குச் சன் கிரீம் அனுப்பப் புறப்பட்டவன் நான்.

அப்பா, ஊரில் இருந்தபோது, நிலஅளவைக் கந்தோரில் படம் வரைந்தவர். சிட்னியில் அவருக்குக் கிடைத்தது, பழைய வரைபடங்களைக் கணினியில் கோடுகோடாகப் பிரதி எடுக்கும் வேலை. அந்த வருடம் முழுக்க வடதுருவத்தை அண்டிய நதியொன்றின் கழிமுகம். அந்தக் காலத்து அளவையாளர்கள் படகிலும் நாய்வண்டியிலும் அலைந்து வரைந்த தாள்கள். கடலை அடையுமுன் நதி, கொட்டிவிட்ட இடியப்பம்போல் சிக்குப்பட்டுக் கிடக்கும். அவர்கள் நேரில் பார்த்த கரை முழுக்கோடு. பார்க்காத கரை துண்டுக்கோடு.

“அப்பா, துண்டுக்கோட்டுப் பக்கம் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் போய்ப் பார்க்கேல்லை. ஆருக்குத் தெரியும்?”

அம்மாவின் தம்பி எங்கே என்று கேட்டாலும் “ஆருக்குத் தெரியும்”தான். யுத்தம் முடிந்த நாட்களில் காணாமற்போனவர். அவருடைய படத்துக்கு மாலை போட ஒருவரையும் அம்மா விட்டதேயில்லை. இரண்டையும் கூட்டிக் கழித்து, மாமா இருக்குமிடத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன்.

அங்கே கோடையில் சூரியன் மறையாதாம். ஆகவே மாமாவுக்கு அனுப்பும் பெட்டியில் சன் கிரீம், குளிருக்கு என் பள்ளி ஜம்பர், பாதிப் பை மிக்சர். மற்றப் பாதி தரம் பார்ப்பதில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தார். “தம்பிக்கு இந்த வருசமாவது திவசம் செய்வமடி” என்று அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா கையை இழுத்துக்கொண்டார். நான் பெட்டியோடு நடுவில் புகுந்தேன்.

“மாமா அப்பாட வரைபடத்தில இருக்கிறார். துண்டுக்கோட்டுப் பக்கம்தான் இன்னும் ஒருத்தரும் பார்க்கேல்லை.”

பெரியம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதார். அம்மா இரண்டும் செய்யவில்லை. ஜம்பரை எடுத்து விரித்துப் பார்த்தார்.

“இது சின்னன், அவனுக்குக் காணாது.”

அடுத்த சனிக்கிழமை, பழைய உடுப்புக் கடையில் பெரியதொரு கம்பளிக் கோட்டு வாங்கிவந்து அலுமாரியில் மாட்டினார். தபாற்கந்தோர் திறக்கட்டும் என்றுதான் பொறுத்திருக்கிறார் என்று நினைத்தேன். திங்கள் போனது, பள்ளி விடுமுறையும் போனது. அம்மா எதற்காகப் பொறுத்திருந்தார் என்பது அந்த மடையனின் தலைக்குள் ஏறவேயில்லை.

வருடங்கள் பல கழிந்து, போன மாதம் வீடு மாறினோம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கரடிபோல் ஆடி நடந்து காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

“அம்மா, இதை ஆருக்காவது குடுத்திடுவமா?”

“அதுக்கு ஆள் இருக்கு.”