நடுப்பாலத்தில் வந்த பயம்

முதல் முறை அது வந்தபோது நான் ஆரணியாற்றுப் பாலத்தின் மேல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை நேரம். பழவேற்காட்டில் மீன் கூடைகளோடு ஏறிய பெண்களும், கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுமாக வண்டி நிறைந்திருந்தது. எதிரே ஒரு லாரிகூட இல்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சை இழுத்தால் உள்ளே போகவில்லை. இன்னும் சற்று நேரத்தில் செத்துவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

எப்படியோ பாலத்தைக் கடந்து வண்டியை ஓரங்கட்டினேன். கண்டக்டர் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அடங்கிவிட்டது. சட்டை மட்டும் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பதைத் தாண்டிய வயது. என் அப்பாவும் அம்மாவும் கவரப்பேட்டைப் பக்கம் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவில் காக்கிச் சட்டை போட்டு ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் நான்தான். பஸ் தெரு முனையைக் கடக்கும்போது பிள்ளைகள் "ஏழுமலை வண்டி" என்று கத்துவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லப்பா, நல்லா இருக்கே" என்றார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் அதே பாலத்தில் அது மறுபடி வந்தது. பிறகு பாலம் இல்லாத இடத்திலும் வந்தது. சினிமாக் கொட்டகையில் வந்தது. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்த நாற்காலியில் வந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். நோய் வரும் நேரத்தைவிட, எப்போது வருமோ என்று காத்திருக்கும் நேரம்தான் ஆளைத் தின்னும். சோறு இறங்கவில்லை. வண்டியில் ஏறும் முன்பே உள்ளங்கை வியர்த்தது.

ஒருநாள் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். மேலே எடுக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் கத்தினார்கள். கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட் தவறிவிடும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலைபோல் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த வேறொரு டிரைவரை வரவழைத்துத்தான் பஸ்ஸைக் கொண்டுபோனார்கள். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து நான் 'மெண்டல் டிரைவர்' ஆனேன். பஸ் முதலாளியின் ஆபீசில், உடம்பு தேறும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வாசலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். என் மனைவி சுகுணா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால், பேச்சு சட்டென்று நின்றுபோகும். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. குடத்தை இறக்கி வைக்கும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

என் அண்ணன் முனுசாமி ஒரு தாயத்தோடு வந்தார். அவருடைய மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். "காத்து கருப்பு அடிச்சிருக்கும். இதைக் கட்டிக்கினு ஊட்லயே இரு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காதே" என்றார். கட்டிக்கொண்டேன். பயம் தாயத்தையும் சேர்த்து ஆட்டிவைத்தது.

மூன்றாம் முறை போனபோது திருவள்ளூர் டாக்டர், "நெஞ்சுல கோளாறு இல்லை. ஆனா நீ சொல்றது பொய்யும் இல்லை. சென்னையில மனநோய் டாக்டர் ஒருத்தர் இருக்காங்க. போய்ப் பாரு" என்றார்.

வெளியே வந்ததும் சுகுணாவிடம் எரிந்து விழுந்தேன். "நான் இன்னா பைத்தியமா?"

"பைத்தியமோ, வைத்தியமோ, எனக்குத் தெரியாது. ராவும் பகலும் நீ படற பேஜாரைப் பாத்துக்கினு என்னால சும்மா உக்கார முடியாது. நீ இன்னா திருடினியா, யாரையாவது வெட்டினியா? வாய்யா, போலாம்" என்றாள்.

சென்னையில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஓரமாக விலக்கிப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார், எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண், தூணோரம் ஒரு போலீஸ்காரர். திருவிழாவிலும் ரயிலிலும் நான் பார்க்கிற முகங்கள்தான். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"எதிர்ல ஒரு லாரி உங்க மேல நேரா மோத வருதுன்னு வைங்க. உங்க உடம்பு என்ன பண்ணும்?"

"நெஞ்சு அடிச்சிக்கும். கை மரத்துப்பூடும். மூச்சு வாங்கும்."

"அதேதான். லாரி இல்லாமலே உங்க உடம்பு அதைப் பண்ணுது. இதைப் பீதித் தாக்குன்னு சொல்லலாம் (காரணமே இல்லாமல் திடீரென எழும் மரண பயம்). இது தானா ஏறும், தானா இறங்கும். இதால உயிர் போகாது."

"நான் பைத்தியம் இல்லியே டாக்டர்?"

"அந்த வார்த்தையை இந்த அறையில நான் யாருக்கும் சொல்றதில்லை. உங்களுக்கு ஒரு நோய் இருக்கு. அதுக்கு மருந்தும் இருக்கு, பயிற்சியும் இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதங்களில் இது இன்னதென்று பெயர் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மாத்திரை கொடுத்தார். ஆரம்பத்தில் வாய் வறண்டது, பகலெல்லாம் தூக்கம் கண்ணைக் கட்டியது. தான் சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றும், நானாக மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின. இந்த இடைவெளியில்தான் பலர் மனம் தளர்ந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுத்திருங்கள்.

பயிற்சி மாத்திரையைவிடக் கசப்பு. பாலத்துக்கு நடந்துபோய் நிற்க வேண்டும். பயம் வந்தால் ஓடக்கூடாது. அது இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். சுகுணா என்னோடு வந்தாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றாள்.

"நான் சாவறேன், நீ கடலை துன்னுக்கினு இருக்கியே" என்றேன்.

"நீ சாவமாட்டேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்குப் பசிக்குது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் ஒரு உடம்பில் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தணிந்தது. நான் ஓடவில்லை. அது இறங்கியது. முதன்முறையாக நான் அதை ஜெயித்திருந்தேன்.

பிறகு சைக்கிளில் பாலத்தைக் கடந்தேன். பிறகு பஸ்ஸில் பயணியாக. மாதங்கள் போயின. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அண்ணன் இப்போதும் யோசனை சொன்னார். "மஞ்சக்காமாலைன்னு சொல்லி வேலையில சேந்துடு."

சுகுணா விடவில்லை. "காமாலைன்னு சொன்னா, இனிமே ஒவ்வொரு மாத்திரையும் ஒளிஞ்சிக்கினு முழுங்கணும். அந்தப் பயத்துக்கு எந்த டாக்டர்கிட்டப் போறது?"

நான் பஸ் ஆபீஸ் மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "அறுபது உயிரை உன்கிட்ட எப்படிய்யா ஒப்படைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "காலி வண்டியக் குடுங்க சார். நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றேன்.

மறுநாள் ஆட்கள் இல்லாத பஸ்ஸில் அவரும் நானும் புறப்பட்டோம். பாலத்தின் நடுவில் அது வந்தது. விரல் நுனியிலிருந்து மரத்துக்கொண்டு மேலே ஏறியது. எனக்குள் சொல்லிக்கொண்டேன்: வா. ஏறு. நீ இறங்குகிறவரை நான் இங்கேதான் இருக்கிறேன். கண் சாலையில் இருந்தது. கை ஸ்டியரிங்கில் இருந்தது. வேகத்தைக் குறைத்தேன். கியர் மாற்றினேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழிவிட்டேன். பாலம் முடிந்து கவரப்பேட்டை வருவதற்குள் அது வடிந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் நிறுத்தியதும் மேனேஜர், "நல்லாத்தானேய்யா ஓட்டின. அது வரவே இல்லியே?" என்றார்.

"வந்துச்சு சார்."

"எப்போ?"

"நடுப்பாலத்துல. வந்துட்டுப் போயிடுச்சு."

"பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியலியேய்யா" என்றார். பிறகு, "திங்கக்கிழமையிலிருந்து வந்துடு" என்றார்.

திங்கட்கிழமை பழவேற்காட்டில் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், கூட்டத்தில் சலசலப்பு. ஏறப்போன சிலர் படியிலேயே நின்றார்கள். "அந்த மெண்டல் டிரைவராச்சே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போது மீன் விற்கும் வள்ளியம்மா கூடையோடு எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஏறி, நேராக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"யோவ், வண்டிய எடுய்யா! மீனு கெட்டுப்போவுது. ஒடம்பு சரியில்லாம இருந்தான், வைத்தியம் பாத்தான், வந்துட்டான். இதுல இன்னா பேச்சு? ஏர்றவன் ஏறு, நிக்கறவன் நில்லு!"

எல்லோரும் ஏறினார்கள். பாலத்தில் போகும்போது பஸ்ஸே மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது போல் அமைதி. தாண்டியதும் பின்னால் யாரோ கைதட்டினார்கள். வண்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அதன்பின் ஆட்கள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். கம்பெனியில் உலையடியில் வேலை பார்த்த ஒருவர், எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து, "அண்ணே, எனக்கும் அப்பிடித்தாண்ணே இருக்குது" என்றார். லீவு நாளில் அவரைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு இன்னும் சிலரை. அண்ணன் மகளின் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "என் தம்பிதான். நோவு வந்துச்சு, மருந்து துன்னான், இப்போ பஸ் ஓட்றான். பொண்ணைப் பாக்க அந்த பஸ்லதான் வந்தீங்க" என்றாராம் அண்ணன். கல்யாணம் நன்றாக நடந்தது.

மாத்திரையை டாக்டரம்மாவே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அதற்குப் பிறகும் ஓரிரு முறை அது எட்டிப் பார்த்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. நன்றாகத் தூங்குகிறேன், காபியைக் குறைத்துக்கொண்டேன், மனதில் கனம் சேர்ந்தால் சுகுணாவிடம் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதுபோல் மனதுக்கும் போகலாம். அதற்காக முகத்தை மூட வேண்டியதில்லை.

முன்பெல்லாம் என் நாட்கள் இரண்டே வகை: அது வந்த நாள், வராத நாள். இப்போது அப்படி இல்லை. மழை பெய்த நாள் இருக்கிறது, எங்கள் மகளுக்குப் பல் விழுந்த நாள் இருக்கிறது. போன பொங்கலுக்குத் தெருப் பையன்கள் என்னையும் சடுகுடுக்கு இழுத்தார்கள். இந்த வயதில் எதற்கு என்றேன், விடவில்லை. மூச்சு முட்டப் பாடிக்கொண்டு போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கோட்டில் வந்து விழுந்தேன். மண்ணில் மல்லாந்து கிடந்தபோதுதான் கவனித்தேன், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியவில்லை. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மண்ணைத் தட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு எழுந்தேன்.