முடிக்கொத்து விழுந்த தோட்டம்

அரிவாள் வெட்டு விழுந்தபோது என் கணவர் கத்தவில்லை. வலது கையின் இரண்டு விரல்கள் வாழைச் சருகின் மேல் கிடந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டியது அவருடைய கூடப்பிறந்த அண்ணன். வீட்டில் நாங்கள் அவரைப் பெரியவர் என்போம்.

அறுபதுகளில் வடகரையில் எங்களுக்கும் பெரியவருக்கும் அடுத்தடுத்த வாழைத் தோட்டம், நடுவில் ஒரு வரப்புதான். அந்த ஆவணியில் எங்கள் வாழைகளில் முடிக்கொத்து நோய் கண்டது. இலை விரியாமல் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. தென்காசியிலிருந்து வந்த விவசாய அதிகாரி, இது வைரஸ், அசுவினிப் பூச்சிதான் பரப்புகிறது என்றார். வெட்டுமுன் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சியைச் சாகடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வாழைக்குப் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். பெரியவர் அப்போது ஊரில் இல்லை. குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்தார்.

மறுநாள் கடையைக் கட்டிக்கொண்டு திரும்பியவர், நோயைப் பார்த்த மாத்திரத்தில் அரிவாளோடு எங்கள் தோட்டத்தில் இறங்கிவிட்டார். "ஒன் சீக்க என் தோட்டத்துக்கு அனுப்பப் பாக்குதியாலே" என்று கேட்டுக்கொண்டே கண்ட வாழையை எல்லாம் சாய்த்தார். அதைத் தடுக்கப் போன கைதான் வெட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் என் கணவர் தானே வெட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டார். குடும்ப மானத்துக்காகச் சொன்ன பொய் அது; பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சாய்ந்த வாழைகளிலிருந்து பூச்சி வரப்பைத் தாண்டியது. இரண்டு மாதத்தில் பெரியவர் வாழையும் கொத்துக் கட்டியது. அவர் அவற்றையும் வெறி பிடித்தவர்போல் வெட்டினார், மண்ணெண்ணெய் ஊற்றாமலே. வெட்ட வெட்டப் பரவியது. வரப்பில் நின்று நாங்கள் பார்த்தோம். எனக்கு வயிறு குளிர்ந்தது, ஒளிப்பானேன்.

ஒருநாள் வாய்க்காலில் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், துவைத்த துணியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். "வெட்டியும் நிக்க மாட்டேங்குது. அந்த ஆபீசர் என்னமும் சொன்னாராட்டி?"

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன்.

தைக்குள் அவர்கள் தோட்டத்தில் ஒரு வாழை மிஞ்சவில்லை. வெட்ட வாழை இல்லாமல் போனதும் பெரியவரின் கை அக்கா மேல் திரும்பியது. இவள் வந்த ராசி என்று சொல்லிச் சொல்லி அடித்தார். ஓங்கி விட்ட ஒரு அறையில் அவள் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது; அந்தக் காது அப்புறம் கேட்கவேயில்லை.

என் மகள் வேளாண் கல்லூரியில் பாடம் நடத்தியவள். நோய்ப்பட்ட வாழை ஒருவித வாசனை விட்டுப் பூச்சியைக் கூப்பிடுமாம். சாறு குடித்து வைரஸ் ஏறிய பூச்சிக்கு நல்ல வாழை மேல்தான் நாட்டம் போகுமாம். பூச்சி தன் இஷ்டத்துக்குப் போகவில்லை அம்மா, வைரஸ் போக வைக்கிறது என்கிறாள். பூச்சிக்கு அப்படி ஒரு சாக்கு இருக்கிறது. எனக்கு இல்லை, அக்காவிடம் தெரிந்தேதான் பொய் சொன்னேன்.

பெரியவரும் என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை இல்லாத அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். என்னை விட்டால் தனக்கு நாதி ஏது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். போன வாரம் அவளுக்குத் தலை வாரிவிடும்போது அந்த மண்ணெண்ணெய் விஷயத்தை முழுவதும் சொல்லிவிட்டேன். அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னேன்.