ஒரு தடவை போதும் என்ற அக்கா

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் பிறந்த நாளாக அச்சாகியிருக்கும் தேதியை நான் முழுதாக நம்பவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தம் வசதிக்குப் போட்டுக்கொண்ட தேதி அது என்பது என் சந்தேகம். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு மழை நாளில் பிறந்தார் என்பது மட்டும் உறுதி. அதையும் அம்மா சொன்ன பிறகு இரண்டு உறவினர்களிடம் கேட்டுத்தான் ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இது எங்கே ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த எங்கள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து மேலே வரும்போதெல்லாம், தங்கத்தை ஒளித்து எடுத்துப் போகிறாரா என்று சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். அத்தனை வருடம் சந்தேகப்பட்டியலில் நின்ற மனிதர் வீட்டுக்கு வந்து என்ன செய்வார்? பால்காரரைச் சந்தேகப்பட்டார், கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார், தாமே போட்ட பூட்டையும் சந்தேகப்பட்டார். அந்தக் குணம் அக்காவுக்கும் எனக்கும் குறைவில்லாமல் வந்து சேர்ந்தது.

சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து ஸ்ரீராம்புரத்தில் குடியேறினோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அக்கா கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் மற்றவர்கள் செய்த சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். இருவருக்கும் சந்தேகப்படுவதற்கே சம்பளம்.

காலையில் நாங்கள் கிளம்பும் அழகை எங்கள் சந்தே வேடிக்கை பார்த்தது. அக்கா பூட்டை இழுத்துப் பார்ப்பார். நான் இழுத்துப் பார்ப்பேன். சந்து முனையில் எங்களில் ஒருவருக்குச் சந்தேகம் வரும், "கேஸை மூடினமா?" திரும்பி வந்து, திறந்து, பார்த்து, மறுபடி பூட்டி, மறுபடி இழுப்போம். பேருந்தின் பலகையைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் கேட்போம்; அவர் சொன்ன பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்போம். அக்காவுக்கு வந்த வரன்களையும் இப்படித்தான் விசாரித்தோம். நாங்கள் விசாரித்து முடிப்பதற்குள் மூன்று மாப்பிள்ளைகளுக்கு வேறு இடத்தில் கல்யாணமே நடந்துவிட்டது. அதில் ஒருவரை அக்காவுக்குப் பிடித்திருந்தது என்று எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, அக்கா முகம் சிவக்க வீடு திரும்பினார். தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச்சோடு பின்னால் நின்று, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று குறிக்கும் ஆள் ஒருவர் உண்டு. அன்று அவர் அக்காவின் பின்னால் நின்றிருக்கிறார்.

"ஒவ்வொரு காலரையும் ரெண்டு தடவை பாக்கறேனாம். ரெண்டாவது தடவைல நான் ஒண்ணையுமே புடிச்சதில்லையாம்."

"அவனுக்கு அவன் டார்கெட்டு. நம்பாதக்கா" என்றேன்.

"நானும்தான் நம்பல. அதனால மத்தியானம் முழுக்க நானே கவனிச்சுப் பாத்தேன். அந்தாளு சொன்னது நெஜம்டா."

மறுநாள் காலை என் கையில் போனைக் கொடுத்து, கதவைச் சாத்துவது முதல் பேருந்து நிறுத்தம் வரை நேரம் பார்க்கச் சொன்னார். நாலு நிமிட நடைக்குப் பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அக்கா புதுப் பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை பூட்டுவார், ஒரு தடவை இழுப்பார், "பூட்டியாச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார், நடப்பார். அடுப்புக்கும் அப்படியே, "அணைச்சாச்சு." வாயால் சொன்னது மனதில் நிற்கும் என்பது அவர் கணக்கு. எளிதாக ஒன்றும் இருக்கவில்லை. முதல் வாரம் சந்து முனையில் நின்று வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு நாள் பாதி தூரம் திரும்பி வந்துவிட்டு, தம்மைத் தாமே திட்டிக்கொண்டு மறுபடி நிறுத்தத்துக்குப் போனார்.

எனக்கு இதெல்லாம் சரியாகப் படவில்லை. இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடிக்கிற நேரத்தை அக்கா என்ன செய்கிறார்? கவனித்தேன். தினமும் மாலையில் மொட்டை மாடிக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து இறங்கினார். யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்து நோண்டினேன் என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. ஒரு நாள் சத்தமில்லாமல் மேலே ஏறினேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்னக்கா பண்றே?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்டா. ஃபேக்டரில பாத்ரூம் போனாக்கூட மணி பாக்கறாங்க. இந்த நேரத்தை யாரும் பாக்கல. போனை நோண்டினவனே, வா, நீயும் உக்காரு."

உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் அடுப்பு நினைவு வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். அதன் பிறகும் பல மாலைகளில் கூப்பிட்டார். எனக்கு ஏதாவது ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். உடனே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார் முதலில் பார்த்த மருத்துவர். நான் நம்பவில்லை. கோப்பைத் தூக்கிக்கொண்டு இன்னும் மூன்று மருத்துவமனைகளுக்கு அக்காவை அலைக்கழித்தேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஒரு மாதம் போய்விட்டது. தம்பிதான் தாமதம் செய்தான் என்று சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. யார் பேசியது என்று விசாரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன், அதில் உண்மை இருப்பதால். முன்பே தொடங்கியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்கிறார் மருத்துவர். அதையும் என்னால் நம்ப முடியவில்லை.

அக்காவுக்காக ரத்தம் கொடுத்த தெருக்காரர்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த சொந்தங்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்குக் கடைசி நாளைச் சொல்லியாக வேண்டும்.

அன்று முற்பகல். அக்காவோடு செக்கிங்கில் வேலை பார்த்த மஞ்சுளா பார்க்க வந்திருந்தார். செவிலியர் புது ட்ரிப் பாட்டிலை மாட்டிவிட்டுப் போனார். அதன் லேபிளில் தேதி அழிந்த மாதிரி இருந்தது. நான் எழுந்தேன். அக்கா கண்ணைத் திறந்தார்.

"எங்கியும் போவாதடா. கொஞ்ச நேரம் உக்காரு."

"ஒரே நிமிஷம்க்கா. இதோ வந்துட்றேன்."

லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு கீழே மருந்தகத்துக்குப் போனேன். வரிசையில் நின்றேன். காலாவதியாக இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றார்கள். திருப்தியோடு மேலே வந்தேன். அக்கா போய்விட்டிருந்தார். என் நாற்காலியில் மஞ்சுளா உட்கார்ந்திருந்தார்.

"எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலண்ணா. நீங்க வர்றீங்களான்னு கதவையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம் என் கைய புடிச்சிக்கிட்டாங்க."

அதைச் செவிலியரிடம் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடமும் கேட்கவில்லை. ஒரே தடவையில் நம்பினேன். நான் கொடுத்திருக்க வேண்டிய கையை என் அக்காவுக்குக் கொடுத்த மஞ்சுளாவுக்கு என் நன்றி.