இஞ்சினுக்குள் டொக் டொக்

மெக்கானிக்கிடம் வருகிற எல்லா வண்டியும் நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியிருக்கும். பட்டறை வைத்துப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே கடை போட்டிருக்கிறேன். சீசனில் அருவிக்கு வருகிற கார்கள், மற்ற நாளில் தேங்காய் ஏற்றுகிற லோடு ஆட்டோக்கள் என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். போன ஆனியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. என் தலையெழுத்து!

நேற்று வரைக்கும்

வடகரை ஷாகுல் பாய் சவுதியில் வேலை பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. அதற்கு முந்தின வருஷ லீவில் கொல்லத்துக்காரர் ஒருத்தர் ‘அடிபொளி வண்டி’ என்று சொன்னதை நம்பி, இருபது வருஷப் பழசான சிவப்புக் காரை வாங்கியிருந்தார். ரெண்டே சீட்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவரும் மனைவி ஜமீலாவும் தனியாக எங்கேயும் போனதில்லையாம். இந்த லீவு முடிவதற்குள் அதில் ஜமீலாவைக் குற்றாலம் கூட்டிப்போய் வர வேண்டும், பாய்க்கு அது ஒன்றுதான் ஆசை. வண்டி என்னிடம் வரும்போது லீவில் பத்து நாள் காலி.

பானெட்டைத் திறந்து ஆக்சிலேட்டரைக் கொடுக்கச் சொன்னேன். உள்ளே யாரோ சுத்தியல் வைத்து அடிக்கிற மாதிரி டொக் டொக் என்றது. எத்தனை நாளாக இப்படி என்றேன். பாய் வழக்கமான பதிலைச் சொன்னார். இந்தக் காரில் ஏறமாட்டேன் என்று ஆட்டோவில் பின்னால் வந்திருந்த ஜமீலா விட்டுக்கொடுக்கவில்லை. “பொய்யி அண்ணே! ஒரு வாரமா தட்டுது. சத்தம் கூடக் கூட இவிய பாட்டைக் கூட்டி வைக்காவ.”

பாகு மாதிரி ஆயில்

அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைக் கழற்றினால், ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறங்குது. அதில் செம்புத் தூள் மினுமினுக்குது. பேரிங் போச்சு. இஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டை, அதாவது கிராங்கை, பிறை பிறையான தகடுகள் ரெண்டிரண்டாகச் சேர்ந்து பிடித்திருக்கும். அதுதான் பேரிங். ஊடே ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடாவிட்டால் தகடு தேய்ந்து, தண்டு ஆடி, டொக் டொக்தான்.

விசாரித்தால், கடையத்தில் டிராக்டர் வேலை பார்க்கிற ஒருத்தர் கெட்டி ஆயிலை ஊற்றச் சொல்லியிருக்கிறார். ஊற்றியதும் ரெண்டு நாள் சத்தம் அடங்கியிருக்கிறது. சத்தம் போனால் வியாதியும் போச்சு என்று பாய் சந்தோஷமாக ஓட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இதென்ன உழவு வண்டியா என்று கத்திவிட்டேன். பாய் பாவமாகச் சொன்னார்: “டிராக்டர் அத்தனை லோடு இழுக்குது அண்ணாச்சி. இதுல நானும் ஜமீலாவும்தானே, தாங்கும்னு நெனச்சிட்டேன்.”

வெள்ளிக்கிழமை பத்தரை

கிராங்கைத் திருநெல்வேலி லேத்தில் கடைந்து, பேரிங்கை எங்கெங்கோ தேடிக் கொச்சியிலிருந்து வரவழைப்பதற்குள் லீவில் ஐந்து நாள்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை பூட்ட ஆரம்பித்தேன். பத்தரைக்கு ராகு காலம். எந்த இஞ்சினையும் ராகு காலத்தில் நான் மூடமாட்டேன், அது என் வழக்கம். பறபறவென்று பேரிங் மூடிகளைப் போட்டு முறுக்கி, பத்து இருபத்தஞ்சுக்குச் சூடமும் காட்டிவிட்டேன்.

பிறகு கிராங்கைக் கையால் சுற்றினால், ம்ஹூம், அசையவில்லை. மூடிகளைத் திரும்பக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மூடிக்கும் நம்பர் உண்டு. அவசரத்தில் ரெண்டையும் மூன்றையும் மாற்றிப் போட்டிருக்கிறேன்! புள்ளைகுட்டிக்காரன் செய்கிற வேலையா இது? தகட்டில் கீறல் விழாதது என் அதிர்ஷ்டம். ஜும்ஆவுக்குக் கிளம்பித் தொப்பியோடு நின்ற பாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் தொழுதுட்டு வாரேன் அண்ணாச்சி, நீங்க ராகு காலம் முடியட்டும்னு இருங்க. யாருக்குப் பலிச்சாலும் வண்டி ஓடுனாச் சரி.”

சாவி யாரிடம்

ஞாயிற்றுக்கிழமை இஞ்சின் டொக் சத்தமே இல்லாமல் சீராக ஓடியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் புது பேரிங் படிகிற வரைக்கும், முதல் ஐந்நூறு கிலோமீட்டர், நாற்பதைத் தாண்டக் கூடாது என்றேன். பாய் முகம் சுண்டிப்போச்சு. சரி சரி என்று தலையாட்டிவிட்டு எடுத்தவர், தெருமுனை தாண்டியதும் உறுமின உறுமல் கடை வரைக்கும் கேட்டது. திரும்பி வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். “கால் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது” என்று தலையைச் சொறிந்தார்.

செவ்வாய்க்கிழமை விமானம். மிச்சம் ஒரே ஒரு நாள். அன்றைக்கும் கடைக்கு வந்திருந்த ஜமீலா, தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வீட்டுக் காரை ஓட்டுகிறவர். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், புருஷன் முன்னால் கையை நீட்டினார். “சாவியக் கொண்டாங்க. நான் ஓட்டுதேன், நீங்க பக்கத்துல இருங்க.”

ஐந்தருவி ரோட்டில்

மனசு கேட்காமல் திங்கட்கிழமை பைக்கில் பின்னாலேயே போனேன். சாரலில் அந்தச் சிவப்புக் கார் ஊர்ந்தது. ஷேர் ஆட்டோ முந்தியது, மினி பஸ் முந்தியது, டூர் வேனிலிருந்து பையன்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். இலஞ்சி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று இருந்த பாய், குற்றாலம் நெருங்கும்போது கையை ஆட்டி ஆட்டி என்னமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தருவிப் பக்கம் நிறுத்தியதும் இஞ்சினைக் காது வைத்துக் கேட்டேன். சுத்தம். “நாற்பது வரைக்கும் போகலாம் தங்கச்சி, நீங்க ஏன் இருபத்தஞ்சுலயே உருட்டுதிய?” என்றேன். பாய் டீ வாங்கப் போயிருந்தார். ஜமீலா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவிய லீவுதான் வருஷா வருஷம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிருது அண்ணே. இன்னைக்கு ஒரு நாளாவது மெதுவாப் போவட்டும்.”

வண்டி வேகம் எடுக்கவில்லை என்று சண்டைக்கு வராமல், சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்த வாடிக்கையாளர் என் பட்டறை வரலாற்றில் இந்த ஒருத்தர்தான்.