சோதனைச் சாவடியில் ஒரு கதிரை

தேர்தல் மேடையில் குணேஸ்வரி அவசரப்பட்டு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார்: கடற்கரை வீதியில் நிற்கும் பொலிஸ் சோதனைச் சாவடியை எடுப்பிப்பேன் என்று. கைதட்டல் காதைப் பிளந்தது. திருகோணமலைக்கு மேயராக வந்த பிறகுதான் உறைத்தது, பொலிஸ் கொழும்பின் சொல்லைத்தான் கேட்கும்; மேயரின் அதிகாரம் குப்பையோடும் தெருவிளக்கோடும் சரி.

மீனவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. கடலுக்குப் போகிறவன் அடையாள அட்டையை மடியில் கட்டிக்கொண்டா போவான்? நனைந்து நாசமாகிவிடும். அதை வீட்டில் வைத்துவிட்டு விடியற்காலையில் வருகிறவனை மறித்து, விளங்காத மொழியில் அதட்டி, வெயில் ஏறும்வரை நிறுத்தினால் அன்றைய தொழில் போச்சு. ஆனால் அவர் பதவியேற்ற கையோடு கரையில் படகு எஞ்சின்கள் களவுபோகத் தொடங்கின. சாவடியைத் திட்டித் தீர்த்த அதே மீனவப் பெண்கள் மாநகரசபைக்கு ஓடிவந்தார்கள்.

"பொலிசை எடுக்கவேண்டாம் அம்மா. எங்கட ஆக்களை மறிக்கவும் விடாதேங்கோ."

நல்ல கோரிக்கைதான்! குணேஸ்வரிக்குத் தலை சுற்றியது. அரசியலுக்கு வருமுன் அவர் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அட்டை இல்லாமல் பார்சல் எடுக்க வருகிறவருக்கு, தெரிந்த ஒருவர் "ஓம், இவர்தான்" என்றால் போதும், கொடுத்துவிடுவார். அந்தப் பழைய வழியோடுதான் பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் போனார்.

"சாவடி இருக்கட்டும். பக்கத்தில நான் ஒரு கதிரை போடுறன். மீனவர் சங்கத்து இராசையா அதில இருப்பார். அவர் தெரியும் எண்டால் விடுங்கோ, தெரியாதெண்டால் மறியுங்கோ. தமிழ் தெரிஞ்ச ஒராளையும் போட்டுத் தாங்கோ."

முறைப்பாடு கேட்டே களைத்திருந்த அதிகாரி ஒத்துக்கொண்டார். களவு நின்றது, படகுகளும் நேரத்துக்குக் கடலில் இறங்கின. இராசையாவின் மிடுக்கைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் குணேஸ்வரி ஸ்கூட்டரில் பார்க்கப் போனார். புதிதாக வந்திருந்த கான்ஸ்டபிள் மறித்தார்.

"எங்க போறீங்கள் அம்மா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, கதிரைப் பக்கம் திரும்பினார். "இவவைத் தெரியுமோ?"

இராசையா தேநீரை ஆறுதலாக ஒரு மிடறு குடித்தார். மேயரை மேலும் கீழும் பார்த்தார்.

"தேர்தல் நேரம் கண்டனான். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான்."

வீதியில் நின்ற மீனவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குணேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓம், எங்கட ஆள்தான்," என்றார் இராசையா. "விடுங்கோ, போகட்டும்."

வாக்கு எண்ணிய நாளில்கூட குணேஸ்வரிக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.