ஒஸ்மோ போட்ட பூட்டு

ஒஸ்மோ லெஹ்டோ மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கறுப்புத் திரையைத் திறப்பான், ஒரு வரி தட்டுவான், என்டரை அடிப்பான். அதில் முடியாத வேலை கம்ப்யூட்டரில் கிடையாது என்பது அவன் கட்சி. காகித ஆலையில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதன்பிறகு கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பேயில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமைதோறும் லினக்ஸ் கம்ப்யூட்டர் உதவி மேசை போட்டு உட்கார்ந்தான். பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இலவச வைத்தியம். நானும் கூட இருப்பேன். காபி ஊற்றுவது, பெர்ஷியன் என்கிற எங்கள் ஊர் இனிப்புப் பன்னைத் துண்டு போடுவது, வந்தவர்கள் புலம்பினால் காது கொடுப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம்.

அவனுடைய பிடிவாதமெல்லாம் ஃப்ளாட்பேக் விஷயத்தில். அந்த வகையில் நிறுவுகிற ஒவ்வொரு ஆப்பும் தனித்தனிப் பெட்டிக்குள் அடைபட்டு ஓடும். ஆனால் பல ஆப்புகள் வரும்போதே, ‘வீடு’ என்கிற, நம் கோப்பெல்லாம் இருக்கும் கோப்புறை முழுவதையும் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வரும். இது ஒஸ்மோவுக்கு ஆகாது. அவன் அக்காவின் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்று நுழைந்து குடும்பப் படங்களையெல்லாம் அழித்துவிட்டுப் போனதிலிருந்து அவனுக்கு இந்த வியாதி. எல்லா ஆப்புக்கும் வீட்டு அனுமதியைப் பிடுங்குகிற கட்டளையை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி, அதற்குப் ‘பூட்டு’ என்று பெயரும் வைத்து, மேசைக்கு வந்த அத்தனை லேப்டாப்பிலும் ஓட்டிவிடுவான். யாராவது எதற்கு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“உன் வீட்டுச் சாவிய பேப்பர் போடுறவன்கிட்ட குடுப்பியா? மாட்டேல்ல? அப்புறம் பாட்டு கேக்குற ஆப்புக்கு மட்டும் எதுக்கு?”

கேட்டவர் தலையாட்டுவார். நானும்தான் ஆட்டினேன்.

அவன் மனைவி எல்வி பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எங்கள் தேவாலயப் பாடற்குழுவை நடத்துகிறவளும் அவள்தான். யாரையும் அதட்டாமல் ஒரு பார்வையிலேயே சுருதி சேர்த்துவிடுவாள். இசைக்குறிப்பு எழுதும் பழைய ஆப் ஒன்றில், நாலு குரலுக்கும் தானே பிரித்து எழுதித் தருவாள். போன இலையுதிர் காலத்தில் அதில்தான் கோளாறு ஆரம்பித்தது. எழுதியது காணாமல் போயிற்று. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. சேமித்தேன் என்று சொல்வாள். ஒஸ்மோ வந்து பார்ப்பான். ஆப்பின் பட்டியலில் கோப்பின் பெயர் இருக்கும், அழுத்தினால் கோப்பு இருக்காது.

“சேவ் பண்ணியிருக்கே, அப்புறம் நீயே அழிச்சிருக்கே. ஞாபகம் இல்ல, அவ்வளவுதான்” என்பான். அன்பாகத்தான் சொல்வான்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் எல்வி கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். வழியை மறந்துவிடுவோமோ என்று பயம். டாக்டரிடம் போய் வந்தார்கள். “மறதி நோயோட ஆரம்பம்தான், லோரன்” என்று ஒஸ்மோ என்னிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியது. குளிர்காலம் முழுக்க எல்வியிடம் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உரக்கப் பேசினோம். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஈஸ்டருக்கு ஒரு பாட்டை மட்டும் எழுதி முடித்துத் தந்துவிட்டுக் குழுவை விட்டு விலகிக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை எல்லோர் முன்னாலும் அறிவிப்பதாக இருந்தது.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மேசைக்கு ஷாண்டல் ரோபிடூ வந்தாள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை. நாற்பது வயசுகூட ஆகாதவள், நீ போன மாசம் என்ன சொன்னாய் என்பதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியவள். ஒட்டுத்துணிப் போர்வைக்கு வடிவம் வரையும் ஆப் ஒன்று வைத்திருந்தாள். வரைந்தது எல்லாம் காணவில்லை என்றாள்.

ஒஸ்மோ சிரித்தான். “சேவ் பண்ணாம மூடியிருப்பே.”

“யாரு, நானா?” ஷாண்டல் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். “நல்லாப் பாத்துக்கோ. இதோ ஒரு கட்டம் வரையறேன். இதோ சேவ். பேரு என்ன வச்சேன்? ‘ஒஸ்மோ ஒரு கழுதை’. பாத்தியா? இப்ப திறக்கறேன், திறக்குதா? திறக்குது. இப்ப ஆப்ப மூடறேன். மறுபடி ஆரம்பிக்கறேன்.”

பட்டியலில் பெயர் இருந்தது. அழுத்தினாள். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று வந்தது.

“இப்ப சொல்லு. எனக்கும் வயசாயிடுச்சா?”

நான் சிரித்துவிட்டேன். ஒஸ்மோ சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, தானே ஒரு கோடு போட்டான், சேமித்தான், மூடினான், திறந்தான். இல்லை. மறுபடியும் செய்தான். இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து, அந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று கேட்டான். வந்த பதிலில் வீட்டுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி இருந்தது. அவன் ஸ்கிரிப்ட் எழுதிவைத்த வரி.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சுவலி என்றுதான் நான் நினைத்தேன்.

“என்னடா ஆச்சு?”

“புது ஆப்புங்க வெளிய எழுதணும்னா கதவத் தட்டிக் கேக்கும், லோரன். பழசுக்குத் தட்டத் தெரியாது. நான் வீட்ட மூடிட்டேன்ல, அதுங்களுக்கு உள்ளேயே ஒரு பொய் வீடு காட்டுது. அங்க சேவ் பண்ணிட்டு, சேவ் ஆயிடுச்சுன்னு சொல்லுது. ஆப்ப மூடுனா அந்த வீடே கிடையாது.”

“அப்போ என் போர்வையெல்லாம்?” என்றாள் ஷாண்டல்.

ஒஸ்மோ அவளைப் பார்க்கவே இல்லை. “எல்வி லேப்டாப்லயும் போன இலையுதிர் காலத்துல பூட்டு போட்டேன், லோரன். அவ இசை எழுதுற ஆப்ப மூடவே மாட்டா. லேப்டாப் மூடிய மட்டும் சாத்திட்டு, மறுநாள் அப்படியே திறந்து எழுதுவா. ஞாயித்துக்கிழம ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நான்தான் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுவேன். வாரா வாரம். அவளுக்கு உதவியா இருக்கட்டும்னு.”

எனக்குக் கையில் இருந்த காபி ஜாடியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அரை வருஷமாக அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் எழுதியதை, இவன் ஒவ்வொரு வாரமும் தன் கையாலேயே துடைத்திருக்கிறான். துடைத்துவிட்டு, உனக்கு ஞாபகம் இல்லை என்று தட்டிக்கொடுத்திருக்கிறான்.

போனை எடுத்தான். “எல்வி, லேப்டாப்பத் தொடாதே. எதையும் மூடாதே. நான் வர்றேன்.”

மறுமுனையில் அவள் நிதானமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. “தொடல, ஒஸ்மோ. பாட்டு முடிஞ்சிருச்சு. இனிமே தொடுறதா இல்ல.”

வண்டியை நான் ஓட்டினேன். பனியில் சிவப்பு விளக்கு ஒன்றைத் தாண்டியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக்கு விறகு போட்டு மூட்டியிருந்தாள் எல்வி. சமையலறை மேசையில் லேப்டாப் திறந்தபடி இருந்தது, திரையில் அந்த ஈஸ்டர் பாட்டு. ஒஸ்மோ பூட்ஸோடு தரையெல்லாம் பனியாக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். வேறொரு நாளாக இருந்தால் எல்வி விட்டிருக்க மாட்டாள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பின் பெட்டிக்குள் வெளியிலிருந்து நுழைய ஒரு வழி உண்டு. ஒரு வரி தட்டினான், பிழை. பதற்றத்தில் எழுத்தை மாற்றி அடித்திருந்தான். மறுபடி தட்டினான். உள்ளே அந்தப் பொய் வீடு திறந்தது. அதில் எல்வி சேமித்த கோப்பு, அவள் வைத்த பெயரோடு, அவள் சொன்ன இடத்திலேயே இருந்தது. வெளியே நகல் எடுத்தான். திறந்து பார்த்தான். நாலு குரலும் இருந்தன, ஒரு சுரம் குறையவில்லை.

பிறகு திரும்பி, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். மழுப்பவில்லை, அதற்காக அவனை மெச்சலாம். பூட்டு, பொய் வீடு, ஞாயிற்றுக்கிழமை அப்டேட், எல்லாம் சொன்னான். “நீ மறக்கல, எல்வி. ஒரு தடவகூட மறக்கல. எல்லாம் நான் பண்ணது.”

எல்வி கையைத் துண்டில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

“அப்போ டாக்டர் சொன்னதுதான் சரி” என்றாள்.

“டாக்டர் என்ன சொன்னார்?” என்று நான் கேட்டேன். ஒஸ்மோ தலை குனிந்துகொண்டான்.

“எனக்கு ஒண்ணும் இல்லன்னார், லோரன். எல்லா டெஸ்டும் நல்லா இருக்கு, போய் வண்டி ஓட்டுன்னார்.” அவள் கணவனைப் பார்த்தாள். “ஆரம்பத்துல டெஸ்ட்ல எல்லாம் தெரியாதுன்னு நீ சொன்னே. நான் அவர நம்பல, ஒஸ்மோ. உன்ன நம்பினேன்.”